சென்னை இல்லங்களின் புகைபோக்கியும் அதன் உட்பூச்சும்

தோற்றுவாய்

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை ஆராய்வார் கோயில், கோட்டை, கல்வெட்டு, செப்பேடு ஆகியவற்றை முதற்கண் நாடுதல் இயல்பு. அவை நிலைபெற்று நிற்பன. எழுத்துச் சான்றும் தருவன. ஆயின் மக்கள் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்த இடம் இல்லமே. இல்லத்தினுள்ளும் ஒரு நாளேனும் தவறாது தொழிற்பட்ட இடம் அடுக்களை. அவ்வடுக்களையில் எழுந்த புகை எவ்வழியே வெளியேறியது, அவ்வழியை யாவர் எங்ஙனம் பேணினர் என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். எனினும் கட்டடக் கலை, காலநிலை, எரிபொருள், மகளிர் வாழ்வு ஆகிய நான்கும் ஒருங்கே சந்திக்கும் இடம் அதுவே.

சென்னை மாநகரின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளையும் களமாகக் கொண்டு, இல்லத்துப் புகைபோக்கியையும் அதன் உட்பூச்சையும் பற்றி ஈண்டு ஆராய முற்படுகின்றோம். உட்பூச்சு என்பது புகை செல்லும் குழாயின் உட்சுவரைப் போர்த்து நிற்கும் மெல்லிய படலம். சுவருக்கும் புகைக்கும் இடையே நின்று இரண்டையும் பிரிப்பது அதன் தொழில். அப்படலம் கெடின் வீடும் கெடும், வீட்டில் வாழ்வார் உடலும் கெடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சொல்லும் பொருளும்

சமைத்தற்குரிய இடத்தைப் பண்டைத் தமிழர் அட்டில் என வழங்கினர். அடுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. அடுப்பு, அடுக்களை என்பனவும் அவ்வழி வந்தனவே. கோயிற் சமையலிடம் மடைப்பள்ளி எனப்பட்டது. புகையை வெளியேற்றும் அமைப்பைப் புகைபோக்கி என்றும் புகைக்கூண்டு என்றும் மக்கள் வழங்குகின்றனர். இவ்விரண்டும் காரணப்பெயர்களே. முன்னது தொழிலையும் பின்னது வடிவையும் காட்டும். கூரையின்மேல் நாற்புறமும் துளையுடன் ஒரு சிறு கூடுபோல் எழுப்பப்பட்டமையின் கூண்டு என்ற பெயர் பெரிதும் பொருந்துவதாயிற்று.

சிமினி என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழில் புகுந்துள்ளது. ஆயின் நெடுங்காலம் அது குறித்த பொருள் வேறு. மண்ணெண்ணெய் விளக்கையும் அதன் கண்ணாடிக் குழலையுமே மக்கள் சிமினி என்றனர். அடுப்பின் புகைக்குத் தமிழ்ப் பெயரும், விளக்கின் புகைக்கு ஆங்கிலப் பெயரும் வழங்கிய இந்நிலை நோக்கத்தக்கது. விளக்கு கப்பலில் வந்த பொருள். அடுப்போ வீட்டிற் பிறந்தது.

புகைபடிந்த கரிக்கும் நம் மொழியிற் பெயர்கள் பல. ஒட்டடை, நூலாம்படை, அட்டக்கரி என்பன இன்றும் வழக்கிலுள்ளன. இவை தம்முள் முற்றும் ஒரு பொருளன அல்ல. நூலாம்படை சிலந்தி நூலோடு சேர்ந்தது; அட்டக்கரி அடுப்பின்மேலும் கூரையிலும் தடித்துப் படிவது. துடைத்து அகற்றியவரே இவ்வேறுபாட்டை உணர்ந்து பெயரிட்டிருத்தல் கூடும் எனக் கருதுகின்றோம்.

இலக்கியச் சான்றுகள்

சங்க நூல்களில் வீட்டுப் புகையைப் பற்றிய குறிப்புகள் உள. குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. புதுமணத் தலைவி ஒருத்தி தன் கணவனுக்குத் தானே புளிக்குழம்பு சமைக்கின்றாள். தாளிப்பின் புகை அவள் கண்களிற் படிகின்றது. அவன் சுவைத்து உண்பதைக் கண்டு அவள் முகம் மலர்கின்றது. இல்லறத்தின் இனிமையைக் காட்டும் பாடலாக உரையாளர் இதனைப் போற்றுவர். அது தக்கதே. எனினும் வரலாறு நோக்குவார்க்கு இன்னொன்றும் புலப்படும். அடுக்களைப் புகை பெண்ணின் கண்ணைத் தாக்கிய செய்தி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழிற் பதிவாகியுள்ளது. அதனை எவரும் குறையாகக் கருதிற்றிலர் என்பதும் உடன் பதிவாகியுள்ளது.

நெடுநல்வாடை கூதிர்க் காலத்தைப் பாடுகின்றது. குளிர்க்கு அஞ்சிய மக்கள் கதவுகளைத் தாழிட்டு, தடவு எனப்படும் தீச்சட்டியில் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்தனர் என்ற செய்தி அதில் வருகின்றது. குளிர்காய்தற்கெனச் சுவரினுட் கட்டப்பட்ட அடுப்பும் புகைக்குழாயும் நம் சமவெளி நாட்டிற்குத் தேவைப்படவில்லை. சில நாட் குளிர்க்கு எடுத்துச் செல்லக்கூடிய சட்டியே போதியதாயிற்று. எனவே தமிழகத்துப் புகைபோக்கியின் வரலாறு சமையலின் வரலாறேயன்றிக் குளிர்காய்தலின் வரலாறு அன்று.

இதற்கு விலக்காக நிற்பது நீலகிரி. 1822இல் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் கட்டத் தொடங்கிய கல்மாளிகையும் அதன்பின் அங்கு எழுந்த மாளிகைகளும் மேலைநாட்டு முறையைத் தழுவியவை. அறைதோறும் கணப்பும் புகைக்குழாயும் அமைத்தல் அம்மலை நகரின் வழக்காயிற்று. 1870 முதல் சென்னை அரசின் அலுவல்கள் கோடையில் உதகைக்குச் சென்றன. ஆகவே சென்னையின் உயர்குடியினர் இருவகைப் புகைபோக்கிகளையும் அறிந்திருத்தல் இயல்பு. அவற்றுள் ஒன்று குளிருக்கு, மற்றொன்று சோற்றுக்கு.

முற்றமே புகைவழி

தமிழர் வீட்டிற்குப் புகைபோக்கியே இல்லை என்று கூறுவாரும் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது. மயிலாப்பூர் மாடவீதிகளில் எஞ்சியுள்ள பழைய வீடுகளின் அமைப்பை நோக்குக. திண்ணை, ரேழி, கூடம், நடுவே வானம் நோக்கிய முற்றம், அதனைச் சூழ்ந்த தாழ்வாரம், பின்னே அடுக்களை, அதன்பின் கொல்லை என்பது பொதுவான வரிசை. அடுக்களையில் எழும் வெப்பக் காற்று மேலெழுந்து ஓட்டின் இடுக்குகள் வழியும் முற்றத்தின் வழியும் வெளியேறும். முற்றமே அவ்வீட்டின் பெரிய புகைபோக்கி. ஓட்டுக்கூரை முழுவதும் மூச்சு விடும் தோலைப்போல் இயங்கிற்று. எனவே தனிக் குழாய் இல்லை என்பது உண்மை; வழியே இல்லை என்பது உண்மையன்று.

கூரையிற் படிந்த புகைக்குப் பயனும் இருந்தது. கீற்றுக் கூரையையும் மூங்கிலையும் பூச்சி அரியாமல் காத்தது. அடுப்பின்மேற் பரணில் வைத்த விதைகளும் புளியும் கெடாதிருந்தன. ஆதலின் புகையை முற்றும் பகையென முன்னோர் கருதவில்லை. அதனை மெல்ல வெளியேற்றினர், விரைந்து துரத்தவில்லை. பண்டங்களைக் காத்த அப்புகையே அடுப்பருகே அமர்ந்தவளின் மார்பிலும் தங்கிற்று. இவ்விரண்டையும் ஒருசேர நினைத்தல் வேண்டும்.

மெத்தை வீடும் கூண்டும்

நகரம் வளர வளர ஓட்டுக்கூரையின் இடத்தைத் தட்டைத் தளம் பற்றிற்று. மெட்ராஸ் டெரஸ் எனக் கட்டடக் கலைஞர் உலகெங்கும் வழங்கும் தளம் அது. தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் உடைப்பும் சுண்ணாம்பும் கலந்த கலவையை இட்டு இடித்து இறுக்கி, மேலே தட்டோடு பரப்புவர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் அச்சுண்ணாம்பிற் கலக்கப்பெற்றன. மழையைத் தாங்கவும் வெயிலைத் தடுக்கவும் இத்தளம் வல்லது. ஆயின் ஓட்டுக்கூரைக்கு இருந்த மூச்சு இதற்கு இல்லை. புகை செல்ல இடுக்கில்லை. ஆகவே தளத்தைத் துளைத்துச் செங்கற் கூண்டு எழுப்புதல் இன்றியமையாததாயிற்று.

இக்கூண்டு பெரும்பாலும் சதுர வடிவினது, உயரம் குறைந்தது. மேலே பலகைக் கல்லோ சாய்ந்த ஓடோ மூடியிருக்கும். பக்கங்களில் துளைகள் இருக்கும். இவ்வடிவிற்குக் காலநிலையே காரணம் எனக் கருதுகின்றோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சென்னையிற் கடுமையாகப் பெய்யும். வாய் திறந்த குழாயாயின் அடுப்பே நனைந்துவிடும். கோடையிற் பிற்பகலில் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து கடற்காற்று வீசும். மனைநூல் வழக்கின்படி அடுக்களை அமைவதும் தென்கிழக்கே. எனவே கடற்காற்று முதலில் தாக்குவது அடுக்களைக் கூண்டையே. ஒரு புறத்தில் மட்டும் துளை இருப்பின் காற்று புகையை உள்ளே திருப்பிவிடும். நாற்புறமும் துளை இருப்பின் ஒருபுறம் புகுந்த காற்று மறுபுறம் புகையை இழுத்துச் செல்லும்.

1920களில் மாம்பலத்தை ஒட்டிய நெடிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் 1925இல் மறைந்தார். அவர் பெயரால் அந்நகர் விளங்குகின்றது. பனகல் அரசரின் பெயரால் நடுவே பூங்கா அமைந்தது. இப்புதுநகரில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனி மனைகளில் எழுந்தன. முற்றம் சுருங்கிற்று, பின்பு பல வீடுகளில் மறைந்தே போயிற்று. முற்றம் மறைந்த வீட்டில் கூண்டு ஒன்றே புகைக்கு வழி. அடையாற்றிலோ நிலை வேறு. ஆற்றங்கரையில் ஆங்கிலேயர் அமைத்த தோட்ட மாளிகைகள் பல. பிரம்மஞான சபை 1882இல் அத்தகைய தோட்டம் ஒன்றிற் குடியேறிற்று. இத்தகைய மாளிகைகளில் சமையற்கட்டு முதன்மை வீட்டினின்று விலகிக் கட்டப்படுவது அக்காலப் பொது வழக்கு. புகையைக் குழாயால் விலக்குவதற்கு மாறாகத் தொலைவால் விலக்கினர். அத்தொலைவினுள் நின்று சமைத்தவர் ஊழியர் ஆவர்.

ஒரே நகரில் மூன்று தீர்வுகள் இங்ஙனம் தோன்றின: மயிலாப்பூரில் முற்றம், தியாகராய நகரிற் கூண்டு, அடையாற்றில் தனிக்கட்டு.

உட்பூச்சின் இயல்பு

புகை ஏன் மேலெழுகின்றது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். வெப்பக் காற்று நிறை குறைந்தது. வெளியிலுள்ள குளிர்காற்று அதனை மேலே தள்ளுகின்றது. குழாயின் உயரமும், உள்வெளி வெப்பங்களின் வேறுபாடும் மிகுந்தால் இழுப்பு மிகும். 10 அடி உயரக் குழாயினுள் 100 பாகை செல்சியசு வெப்பமுள்ள புகை இருப்பதாகக் கொள்வோம். வெளியே 0 பாகையாக உள்ள குளிர்நாட்டில் அதன் இழுப்பு ஏறத்தாழ 10 பாஸ்கல். வெளியே 30 பாகையாக உள்ள சென்னையில் ஏறத்தாழ 6 பாஸ்கல் மட்டுமே. அஃதாவது மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் குறைவு. எனவே குளிர்நாட்டுப் புகைபோக்கியைவிட நம் நாட்டுப் புகைபோக்கி தூய்மையாகவும் வழவழப்பாகவும் இருத்தல் வேண்டும். சிறிது கரி அடைப்பினும் இழுப்பு நின்றுவிடும்.

உட்பூச்சின் பயன்கள் மூன்று. முதலாவது, உட்சுவரை வழவழப்பாக்கிக் கரி தங்காமற் செய்தல். இரண்டாவது, வெப்பம் சுவரைக் கடந்து அருகிலுள்ள தேக்கு உத்திரத்தைக் கருக்காமற் காத்தல். மூன்றாவது, புகையிலுள்ள நீரும் புளிப்பும் செங்கற் பிணைப்பை அரிக்காமற் காத்தல். விறகு நன்கு எரியாதபோது எழும் புகையில் நீராவியும் அசெட்டிக் அமிலமும் தாரும் உள. சுவர் குளிர்ந்திருப்பின் இவை அதன்மேல் நீர்மமாகப் படியும். சுண்ணாம்பின்மேற் பட்ட அமிலம் அதனை நீரிற் கரையும் உப்பாக மாற்றும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சாந்து பொடியாகி உதிரும். தாரோ இறுகிக் கருமையான மெழுகுபோல் ஒட்டி, ஒருநாள் தீப்பற்றவுங் கூடும்.

ஈர விறகு இத்தீமையை மிகுவிக்கும். சென்னைக்கு எரிபொருள் தந்தது பெரும்பாலும் சவுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. அவ்விறகு நகரத்து விறகுத் தொட்டிகளில் விற்கப்பட்டது. நன்கு உலர்ந்த சவுக்கு கடுந்தீ தந்து சிறுபுகையே விடும். மழைக்காலத்தில் நனைந்த விறகை ஊதுகுழலால் ஊதி எரித்த துன்பம் மூத்தோர் பலர் அறிந்தது.

நம் முன்னோர் கையாண்ட பூச்சு இருவகை. கூண்டின் உட்புறம் சுண்ணாம்புச் சாந்து. அடுப்பிலும் அதன் சுற்றுச் சுவரிலும் மண்ணும் சாணமும். பின்னது மென்மையானது, எளிதில் உதிர்வது. அதனாலேயே அது சிறந்தது. உதிர்ந்தாற் செலவின்றி மீண்டும் மெழுகலாம், சுவர் தப்பும். இவ்வுண்மையை இங்கிலாந்து நாட்டுக் கொத்தரும் அறிந்திருந்தனர். அவர்களும் புகைக்குழாயின் உட்புறத்தைச் சுண்ணாம்பும் பசுஞ்சாணமும் கலந்த சாந்தாற் பூசினர். ஒருவரையொருவர் காணாத இரு நாட்டினர் ஒரே பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் அப்பொருளின் இயல்பேயன்றிப் பிறிதில்லை.

கொடியடுப்பு என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. முதன்மை அடுப்பின் தீ ஒரு சிறுவழியே பக்கத்து வாய்க்குச் சென்று அங்குள்ள பாத்திரத்தையும் சூடாக்கும். அச்சிறுவழி அடுப்பினுள் அமைந்த புகைக்குழாயே. செம்பு வெந்நீர்க் கொதிகலத்தின் நடுவே செல்லும் குழலும் அத்தகையதே. அதனைப் பாய்லர் என்பர். அக்குழலின் உட்புறத்தைக் கரி அடைத்தால் வெந்நீர் காயத் தாமதமாகும் என்பதை வீட்டார் யாவரும் அறிவர்.

பேணிய முறையும் பேணியவரும்

நாள்தோறும் அடுப்பு மெழுகுதல், வாரந்தோறும் அடுக்களைச் சுவர் துடைத்தல், ஆண்டுதோறும் போகிக்கு முன் ஒட்டடை அடித்து வெள்ளையடித்தல் என்பன பழைய முறை. இதனைச் சமயச் சடங்கென மட்டும் நோக்குதல் குறையுடைத்து. வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓயும். மழையால் நனைந்த கூண்டில் உதிர்ந்தது எது, நின்றது எது என்பது அப்பொழுதே விளங்கும். தை பிறக்குமுன் கரி நீக்கிப் புதுச்சுண்ணாம்பு பூசின், அடுத்த மழைவரை அது உலர்ந்து இறுகி நிற்கும். பொங்கலின் நாட்கணக்கும் பூச்சின் நாட்கணக்கும் ஒன்றாயின.

இலண்டன் மாநகரில் புகைக்குழாய் துடைத்தல் தனித்தொழில். சிறுவரைக் குழாயினுள் ஏற்றித் துடைக்கச் செய்த கொடுமை அங்கு நிலவிற்று. 1775இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர், அத்தொழிலாளர்க்கு வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என எழுதினார். தொழிலால் விளையும் புற்றுநோயை உலகிற்கு முதலில் உணர்த்திய நூல்களுள் அஃது ஒன்று. அதன்பின் நூறாண்டு கடந்தே, 1875இல் இயற்றிய சட்டத்தால், சிறுவர் அத்தொழிலினின்று விடுபட்டனர். இங்கிலாந்தில் புதிய புகைக்குழாய்களுக்கு உட்குழல் வேண்டும் என்பதை 1965ஆம் ஆண்டின் கட்டட விதிகள் நிலைநாட்டின.

சென்னையில் அத்தகைய தனித்தொழில் வளரவில்லை. கூண்டு குட்டையானது, கழியிற் கட்டிய துடைப்பம் எட்டும். ஆகவே அப்பணி வீட்டுப் பெண்டிர்மேலும் பணிப்பெண்டிர்மேலும் விழுந்தது. தொழில் என்ற பெயர் இல்லாமையால் கூலியும் இல்லை; சட்டமும் இல்லை; நோயை எழுதிவைத்த மருத்துவரும் நெடுங்காலம் இல்லை. இலண்டன் சிறுவனுக்காவது இரக்கப் பாடல்கள் கிடைத்தன. நம் அடுக்களைப் பெண்ணுக்குக் கிடைத்தவை கைமணத்தைப் பற்றிய புகழுரைகளே.

புகையில்லா அடுப்பு

இந்நிலை மாற முயன்றோர் சிலர். தஞ்சையிற் பிறந்த தமிழரான ஜே. சி. குமரப்பா, 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார். அங்குள்ள மகன்வாடியில் உருவான மகன் சூலா என்னும் அடுப்பு, மண்ணாலேயே புகைக்குழாயுடன் அமைந்தது. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சார்ந்த எஸ். பி. இராஜு அமைத்த அடுப்பும் இவ்வகையதே. கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லா அடுக்களை என்னும் பொருள்படும் அவர்தம் ஆங்கில நூல் 1953இல் நம் சென்னையிலேயே கிறித்தவ இலக்கியச் சங்கத்தால் வெளியிடப்பெற்றது.

மருத்துவ உலகிலும் விழிப்பு எழுந்தது. தில்லியில் இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதியும் பாதக்கும் 1959இல் வெளியிட்ட ஆய்வு, நுரையீரல் கேட்டால் விளையும் இதயநோயை ஆராய்ந்தது. புகைபிடிக்கும் வழக்கம் அரிதான பெண்களிடமும் அந்நோய் மிகுந்திருத்தலை அது காட்டிற்று. அடுப்புப் புகை ஐயத்திற்கு உள்ளாயிற்று. 1983இல் கிர்க் ஸ்மித்தும் உடனாய்வாளரும் குசராத்துச் சிற்றூர்ப் பெண்கள் சமைக்கும்போது உள்ளிழுக்கும் புகையை அளந்து வெளியிட்டனர். 2002இல் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் போரூர் ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்திலிருந்து தென்னிந்தியச் சிற்றூர் வீடுகளின் புகை அளவை வெளியிட்டனர். வீட்டுப் புகையால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

1980களில் நடுவணரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் தொடங்கிற்று; 2002இல் அது முடிவுற்றது. கோடிக்கணக்கில் அடுப்புகள் அமைந்தும் பல விரைவிற் கைவிடப்பட்டன. புகைக்குழாய் அடைபட்டதும் உடைந்ததும் அதற்குரிய காரணங்களுட் சில. அமைத்தற்குப் பணம் ஒதுக்கியோர் பேணுதற்கு வழி செய்திலர். உட்பூச்சு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. இதனை மெழுகிய கைகள் அறிந்திருந்தன. திட்டம் வகுத்தோர் அறிந்திலர்.

எரிவாயுவின் வருகையும் இன்றைய நிலையும்

மண்ணெண்ணெய் அடுப்பு முதலில் வந்தது. அது கூண்டின்கீழ் இருக்க வேண்டுவதில்லை, எங்கும் வைக்கலாம். ஆகவே கூண்டிற்கும் அடுப்பிற்கும் இருந்த உறவு தளர்ந்தது. 1955இல் பர்மா ஷெல் நிறுவனம் பம்பாயில் சமையல் எரிவாயுவை அறிமுகப்படுத்திற்று. 1965இல் இண்டேன் தோன்றிற்று. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. படிப்படியாகத் தென்சென்னை வீடுகளில் விறகு நின்றது. ஊதுகுழல் பரணேறிற்று. பெண்டிர் கண்ணெரிச்சல் நீங்கினர். இதனினும் பெரிய மாற்றம் அடுக்களை வரலாற்றில் வேறில்லை எனலாம்.

ஆயின் கைவிடப்பட்ட கூண்டு வாளா இருப்பதில்லை. துடைப்பாரும் பூசுவாரும் இன்மையின் அதனுட் புறா கூடு கட்டுகின்றது; பறவை எச்சத்தில் வந்த அரசங்கன்று வெடிப்பில் வேரூன்றுகின்றது. அவ்வேர் வழியே மழைநீர் சுண்ணாம்புத் தளத்தினுட் புகுந்து தேக்கு உத்திரத்தின் தலையை அழுகச் செய்யும். கூண்டை மேலே சிமெண்டால் முற்றும் அடைத்தலும் தவறு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். பழஞ்சுண்ணாம்புக் கட்டடத்தின்மேற் கடினமான சிமெண்டுப் பூச்சு பூசுதலும் அத்தகையதே. கரியை நீக்கி, வேரை அகற்றி, சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசி, காற்றுப்போக விட்டு வலையிட்டு வைத்தலே முறை. எஞ்சிய வீடுகளை உடையோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. அடுக்குமாடி வீடுகளில் சிமினி என்ற பெயரால் மின்விசிறியும் வடிகட்டியும் கொண்ட கருவி வந்துள்ளது. விளக்கைக் குறித்த சொல் இப்பொழுது அடுப்பின்மேல் ஏறிவிட்டது. இதற்கும் உட்புறம் உண்டு. படிவது மட்டும் வேறு. அன்று விறகின் தார். இன்று தாளிப்பின் எண்ணெய். வடிகட்டியைத் திங்கள்தோறும் கழுவாவிடினும், குழாயை ஆண்டுதோறும் துடைக்காவிடினும் எண்ணெய்ப் படலம் தடித்து இழுப்பைக் குறைக்கும். அடுப்புத் தீ அதனைப் பற்றவுங் கூடும். குழாயே இல்லாது கரிவடிகட்டியால் இயங்கும் வகை, எரிவாயுத் தீயில் எழும் நைட்ரசன் டையாக்சைடு முதலியவற்றை வெளியேற்றுவதில்லை, உள்ளேயே சுழலவிடும். அவ்வீடுகளில் சாளரத்தைத் திறந்து வைத்தல் இன்றியமையாதது. குளியலறையில் எரிவாயுவால் வெந்நீர் காய்ச்சுவோர் அதன் புகைக்குழாய் வெளியே செல்கின்றதா என்பதைக் கட்டாயம் நோக்குதல் வேண்டும். மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு கண்ணை எரிக்காது. எச்சரிக்கை தராமலே கொல்லும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போதரும் முடிபுகள் நான்கு. தமிழர் இல்லத்திற் புகைவழி தொன்றுதொட்டு இருந்தது. முற்றமும் ஓடுமே அவ்வழி. சுண்ணாம்புத் தளம் பரவியபின் கூண்டு இன்றியமையாததாயிற்று. சென்னையின் மழையும் கடற்காற்றும் அதன் வடிவை வகுத்தன. அக்கூண்டையும் அடுப்பையும் காத்தது அடிக்கடி புதுப்பிக்கப்பெற்ற மென்மையான உட்பூச்சு. அதனைப் புதுப்பித்தோர் மகளிர். புகையை உள்ளிழுத்தோரும் அவர்களே.

ஈற்றில் கூறிய முடிபே நம் நெஞ்சை உறுத்துவது. சுவர்க்குப் பூச்சிட்ட சமுதாயம் பூசியவளின் நுரையீரலுக்கு ஒரு காப்பும் தேடிற்றிலது. அந்நிலை நகரில் பெரும்பாலும் நீங்கிற்று. நாடு முழுவதும் இன்னும் நீங்கிற்றிலது. எரிவாயு உருளையின் விலை ஏறுந்தோறும் சிற்றூர்களில் விறகடுப்பு மீண்டும் மூட்டப்படுகின்றது. இடிக்கப்பெறும் மயிலாப்பூர் வீட்டின் கூண்டில் படிந்திருக்கும் கரியைக் காண்போர், அது சுவரில் தங்கிய பங்கு மட்டுமே என்பதை உணர்தல் வேண்டும். மற்றைப் பங்கு தங்கிய இடத்தை எந்தத் துடைப்பமும் எட்டவில்லை. இனி எழும் வீடுகளில் புகைவழியும் அதனைப் பேணும் முறையும் ஆடவர் பெண்டிர் இருபாலார்க்கும் பொதுவான பொறுப்பாதல் வேண்டும் என்பது நம் துணிபு.